கட்டிலுக்கடியில் தூங்கிய பேட்டரி

எங்கள் அத்தானுக்கு ஊர் வைத்த பெயர் கொசு. விடியும் முன்பே வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் அவருக்கு வேலை. ஐந்தரைக்குக் கிளம்பி, எட்டு மணிக்குள் பதினான்கு வீடு முடித்து, ஐஸ் கட்டி போட்ட பெட்டியில் ரத்தம் பிடித்த குழாய்களை அடுக்கிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரைக்காரர்களுக்கு ஐந்து நிமிஷம் தாமதமானாலும் கண் இருட்டும், வாயும் நீளும். முதல் வீட்டில் இருப்பது ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். "கொசு வந்தாச்சு" என்று அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தால் அந்தத் தெருவே எழுந்துகொள்ளும். அத்தான் சிரித்துக்கொள்வார். "கொசு கடிச்சா அரிக்கும் டீச்சர், நான் கடிச்சா அரிக்காது" என்பார்.

நான் அவர் மனைவியின் தங்கை, பக்கத்துத் தெருவில் இருக்கிறேன். குழந்தைகள் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. என் வேலையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் கண் இருந்தும் குருடாக இருந்தவர்களின் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. அதுவும் மேலே இருக்கிறது.

அத்தான் அஜாக்கிரதையான ஆள் இல்லை. அப்படி ஒரு ஆளாக இருந்திருந்தால் இதை நம்புவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு குழாயில் பெயரை ஒட்டுவதற்கு முன் மூன்று முறை படித்துப் பார்ப்பார். பயன்படுத்திய ஊசியைப் போடும் டப்பாவை வீட்டு வாசலுக்குள் கொண்டுவர மாட்டார். வெளியே இருக்கும் குழாயில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மகளைத் தொடுவார். மகளுக்கு ஏழு வயது, நாங்கள் குட்டி என்று கூப்பிடுவோம். இவ்வளவு சுத்தம் பார்க்கிறாரே என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

அவருடைய மோட்டார் சைக்கிளில் கிக்கர் கிடையாது. வாங்கும்போது அதுதான் பெருமை. பொத்தானை அழுத்தினால் கிளம்பும், காலைத் தூக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர்க் குளிர் அந்தப் பெருமையை இரண்டே வருஷத்தில் வாங்கிக்கொண்டது. இந்தக் குளிர்காலத்தின் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை செல்ஃப் பொத்தானை அழுத்தினார். 'டிக்' என்றது. மறுபடி அழுத்தினார், மறுபடியும் 'டிக்'. விளக்கு மங்கியது, எஞ்சின் அசையவில்லை. வண்டியைச் சரிவு வரைக்கும் தள்ளிக்கொண்டுபோய், ஓடவிட்டு, கியரைப் போட்டு உயிர் கொடுப்பதற்குள் இருபத்தைந்து நிமிஷம் போய்விட்டது. மூன்று நாள் கழித்து அதே கூத்து.

பரிசோதனை நிலையத்து முதலாளிக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு பருவத்தில் மூன்று முறை தாமதமானால் காலைச் சுற்று கைமாறும். அத்தானுக்கு இரண்டு ஆகிவிட்டது. சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பதினான்கு வீடுகளைப் பதினோரு வருஷமாகப் பார்க்கிறார். யாருக்கு இடது கையில்தான் நரம்பு கிடைக்கும், யாரை முதலில் பேச்சுக் கொடுத்து மயக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்தச் சுற்று போய்விட்டால் தான் ஒன்றுமே இல்லை என்று நினைத்தார்.

நேரே சல்லடை மாஸ்டரிடம் போனார். எங்கள் பக்கத்து வண்டி மெக்கானிக் அவர். பேட்டரி வேலையும் பார்ப்பார். அவர் போடும் சட்டை, பேன்ட் எல்லாவற்றிலும் மிளகு மிளகாக ஓட்டை இருக்கும், அதனால் அந்தப் பெயர். இருபது வருஷமாக அவர் இருமாமல் பேசி முடித்து யாரும் கேட்டதில்லை. நடுவில் ஒரு வறட்டு இருமல் வந்துவிடும்.

"குளிர்ல பேட்டரிக்குப் பாதி உயிர்தான் இருக்கும். புதுசு வாங்குற வரைக்கும் ராத்திரி கழட்டி வீட்டுல வச்சுச் சார்ஜ் போடு. மூடியெல்லாம் திறந்து வை, இல்லன்னா உப்பி வெடிச்சிரும். காத்தோட்டமா வை" என்றார் மாஸ்டர், இருமலுக்கு நடுநடுவே. தானே சுற்றிச் செய்த பழைய சார்ஜர் ஒன்றையும் கொடுத்தார். பேட்டரி நிறைந்தால் தானாக நிற்கிற ரகம் இல்லை அது. போட்டால் போட்டதுதான், விடிய விடிய 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே ஏற்றும்.

அத்தான் சொன்னபடி செய்தார், முதல் நாள். பின்வாசலில் வைத்தார். காலையில் பேட்டரி ஐஸ்கட்டி போல இருந்தது, வண்டி முக்கி முனகித்தான் கிளம்பியது. அடுத்த நாள் சமையலறைக்குக் கொண்டுவந்தார். "அடுப்புப் பக்கத்துல அந்தப் பிசாசை வைக்காதீங்க" என்று அக்கா விரட்டினாள். கூடத்தில் வைத்தார். கதவிடுக்கில் குளிர்காற்று வந்தது. வீட்டிலேயே கதகதப்பான இடம் ஒன்றுதான். குட்டியின் அறை. அவளுக்குச் சளி பிடித்துவிடக் கூடாது என்று ஜன்னல் இடுக்கெல்லாம் செய்தித்தாள் வைத்து, மேலே டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். பேட்டரியைத் தன் பழைய ஸ்வெட்டரில் சுற்றி, மூடிகளை மட்டும் திறந்து, அவள் கட்டிலுக்கடியில் வைத்தார். மறுநாள் காலை ஒரே அழுத்தில் வண்டி உறுமியது. புதுப் பேட்டரி வாங்கும் பேச்சு அதோடு நின்றுபோனது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று அக்கா என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

குட்டிக்கு அதன்மேல் ஒரே பாசம். தம்பி என்று பெயர் வைத்துவிட்டாள். சாயங்காலம் அப்பா பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தால், "தம்பி வந்துட்டான்" என்று ஓடுவாள். அதில் ஊற்றும் பேட்டரித் தண்ணீரை வாரத்துக்கு இரண்டு சின்ன பாட்டில் அவளே எடுத்துக் கொடுப்பாள். "சித்தி, தம்பி எவ்வளவு தண்ணி குடிக்கிறான் பாரு" என்று என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். நானும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, குனிந்து பார்த்து, "உங்க அம்மா பெத்ததுலயே அடம் பிடிக்காத பிள்ளை இதுதான்" என்று கேலி பேசிவிட்டு வந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் அவளுக்கு இருமல் வந்தது. குளிர்காலத்தில் எந்தக் குழந்தைக்கு இருமல் வராது. நான் கிளினிக்கிலிருந்து சிரப் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிற்கவில்லை. காலையில் எழுந்திருக்கும்போது தலை வலிக்கிறது என்றாள், கண் எரிகிறது என்றாள். பள்ளிக்கூடம் போய் மத்தியானமானால் சரியாகிவிடும். பள்ளிக்கூடம் போகாமல் இருக்கப் போடும் வேஷம் என்று அக்கா இரண்டு அடி வைத்தாள். அந்த அடியை அக்காவால் இன்னும் மறக்க முடியவில்லை.

அறையில் ஒரு நாற்றமும் இருந்தது. முட்டை அழுகினது போல. ஜன்னலுக்குப் பின்னால் ஓடும் சாக்கடைதான் என்று முடிவு கட்டினார்கள். முடிவு கட்டி, ஜன்னலில் இன்னும் இரண்டு சுற்று டேப் ஒட்டினார்கள். இதை எழுதும்போது என் கை நின்று நின்றுதான் நகர்கிறது.

பிறகு போர்வையில் ஓட்டை விழுந்தது. குட்டியின் பருத்திப் போர்வை, ஓரத்தில் பொடிப்பொடியாக ஓட்டை. துவைத்து எடுத்தால் பத்து ஓட்டை இருபதாகும். அக்கா முதலில் சோப்பைத் திட்டினாள், சோப்பை மாற்றினாள். பிறகு எலி என்றாள். எலிப்பொறி வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்தாள், பேட்டரிக்குப் பக்கத்தில், இரண்டு சாண் தள்ளி. தினமும் காலையில் குனிந்து பொறியைப் பார்ப்பாள். ஒரு எலிகூட விழவில்லை. "கெட்டிக்கார எலி" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

ஒரு சனி, ஞாயிறு குட்டி என் வீட்டில் தங்கினாள். இரண்டு நாளும் இருமல் இல்லை. நான் ஆவி பிடிக்க வைத்ததால்தான் என்று நினைத்தேன். என் கைராசி என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். திங்கட்கிழமை காலை மறுபடி இருமல். "உன் கவனிப்பு போதலை" என்றுகூடச் சொன்னேன். பத்து வருஷமாகக் கிளினிக்கில் நிற்கிறவள் சொன்ன லட்சணம் இது.

அத்தான் ஆடிப்போய்விட்டார். மகளுக்குத் தானே ரத்தம் எடுத்தார். ஊர் முழுக்கக் குத்துகிறவர் அன்றைக்கு அவளுடைய இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பார்த்து நரம்பு தேடினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு வந்தது. நம்பாமல் அடுத்த வாரம் மறுபடி எடுத்தார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. "எல்லாம் சரின்னா என் பொண்ணுக்கு ஏன் மூச்சு வாங்குது?" என்று என்னிடம் கேட்டார்.

எங்கள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நானும் உள்ளே போனேன். டாக்டர் மூச்சின் வேகத்தை அளக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். முள் நூற்றிமுப்பதில் நின்றது. அவள் உயரத்துக்கு இருநூறுக்கு மேல் போக வேண்டும்.

"வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கிறீங்களா? கொசுவர்த்தி? நாய், பூனை? சுவர்ல ஈரம்?"

"எதுவும் இல்ல டாக்டர்."

"அவ தூங்குற ரூம்ல என்னென்ன இருக்கு, ஒண்ணு விடாம சொல்லுங்க."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டு யோசித்து யோசித்துச் சொன்னார். "கட்டில். துணி அலமாரி. பொம்மை ரெண்டு. ஸ்கூல் பை."

அவர் ஒன்றை விட்டுவிட்டார் என்று நான் குறுக்கே பாய்ந்தேன். "எலிப்பொறி" என்றேன்.

எலிப்பொறி ஞாபகம் வந்தது எனக்கு. அதற்குப் பக்கத்தில் முனகிக்கொண்டு கிடந்தது ஞாபகம் வரவில்லை. அவர் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை. தினமும் பார்த்துப் பார்த்து அது கட்டிலின் ஐந்தாவது கால் ஆகிவிட்டது. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார், ஊதுகிற குழாயையும் கொடுத்துத் தினம் எண்ணைக் குறித்துவைக்கச் சொன்னார். அடுத்த வாரம் எண் நூற்றிருபதுக்கு இறங்கியது. இன்னும் இறங்கினால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் என் ஸ்கூட்டர் பிரேக்குக்காக நான் மாஸ்டர் கடையில் நின்றிருந்தேன். அத்தானும் வந்தார், சங்கிலி தளர்ந்துவிட்டதென்று. வண்டியில் முன்னால் குட்டி, அவளுடைய போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் கடைக்குக் கதவும் கிடையாது, முன்பக்கச் சுவரும் கிடையாது. காற்று பிய்த்துக்கொண்டு போனது. குட்டி இருமினாள். அது முடிவதற்குள் மாஸ்டர் இருமினார். மறுபடி குட்டி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நல்ல ஜோடி என்று.

மாஸ்டர் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவள் போர்வையின் ஓரத்தை எடுத்துப் பார்த்தார்.

"பாப்பா, இந்த ஓட்டை எப்படிம்மா வந்துச்சு?"

"எலி."

"எலியா?"

"ஆமா. கெட்டிக்கார எலி. பொறில விழ மாட்டேங்குது."

மாஸ்டர் தன் சட்டை ஓரத்தை இழுத்து அந்தப் போர்வைக்குப் பக்கத்தில் வைத்தார். நான் பார்த்தேன், அத்தானும் பார்த்தார். அதே மிளகு ஓட்டை, அதே கருகின ஓரம். எது சட்டை, எது போர்வை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"சார்ஜரை எங்கப்பா வச்சிருக்கே?" மாஸ்டரின் குரல் மெதுவாக இருந்தது.

குட்டிதான் பதில் சொன்னாள். "என் கட்டிலுக்கு அடியில. தம்பி அங்கதான் தூங்குவான். நான்தான் போர்வையைத் தொங்கவிட்டு மூடுவேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம்" என்றார் அத்தான்.

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். "காத்தோட்டமா வைன்னு சொன்னேனே. ராத்திரி முழுக்க அது கொதிக்கும்ப்பா. அந்த ஆவியில ஆசிட் வரும். சட்டையில விழுந்தா சட்டையைத் தின்னும், நெஞ்சுல விழுந்தா நெஞ்சைத் தின்னும். நான் எதுக்குக் கடையோட முன்சுவரை இடிச்சுட்டு இந்தக் குளிர்ல உக்காந்திருக்கேன்னு நினைச்சே? அந்தக் காஸ்ல ஒரு தீப்பொறி தெறிச்சிருந்தா கட்டிலோட போயிருக்கும்." அதற்குமேல் இருமல் வந்துவிட்டது. இருமி முடித்துவிட்டு, "மூடியைத் திறக்கச் சொன்னவனும் நான்தானே" என்றார்.

அத்தான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "நான் குழாயில பேர் ஒட்டுறதுக்கு மூணு தடவை பாப்பேனே" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அதையே மறுபடியும் சொன்னார்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஜன்னல் டேப்பை நகத்தால் பிய்த்தார். விரல் நுனியில் ரத்தம் வந்தது, துடைக்கவில்லை. கட்டிலை இழுத்துப் போட்டோம். அடியில் கட்டில் காலின் இரும்பு பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. சுற்றியிருந்த ஸ்வெட்டரைத் தொட்டால் கை பிசுபிசுத்தது. அக்கா எலிப்பொறியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. "நான் தினம் குனிஞ்சு பாத்தேன்டீ" என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

அன்றே குட்டியை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அத்தானும் நானும் டாக்டரிடம் சொன்னபோது அவர் பேனாவை மூடிவைத்தார். அவர் திட்டியிருக்கலாம். "இனிமே சுத்தமான காத்துதான் மருந்து. எவ்வளவு திரும்பி வருதுன்னு மூணு வாரம் கழிச்சுப் பார்க்கலாம்" என்றார். வராவிட்டால் என்ன என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

பேட்டரி வெளியிலேயே வண்டியில் கிடந்தது. திங்கட்கிழமை காலை 'டிக்'. மூன்றாவது தாமதம். முதலாளி ஏறக்குறைய வருத்தத்தோடு, காலைச் சுற்று இனி வேறொரு ஆளுக்கு, நீங்கள் உள்ளே மேஜையில் உட்கார்ந்து பெயர் எழுதுங்கள் என்றார். அவ்வளவுதான். அத்தானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். எந்த வேலை போய்விடும் என்று இரண்டு மாசம் அந்தச் சனியனை மகளின் மூக்குக்குக் கீழே வைத்தாரோ, அது இரண்டு வார்த்தையில் போய்விட்டது. உலகம் இடிந்து விழவில்லை. கணக்கு டீச்சர் மட்டும் கோபித்துக்கொண்டு ஒரு நாள் கையை நீட்ட மாட்டேன் என்றாராம். இதற்காகவா என்று எனக்கு அன்று முழுக்க ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அத்தான் தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வருவார். குட்டி குழாயை ஊதுவாள். அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். நூற்றிமுப்பத்தைந்து. நூற்றைம்பது. ஒரு நாள் நூற்றிநாற்பதுக்குத் திரும்ப இறங்கியது. அன்று அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார், தண்ணீர் கொடுத்தும் குடிக்கவில்லை. பிறகு நூற்றெழுபது, நூற்றித் தொண்ணூறு.

மூன்று வாரம் முடிந்து கிளினிக்குக்கு வந்தபோது சாயங்காலம் ஆறு மணி, வெளியே மூச்சு விட்டால் புகையாக வந்தது. டாக்டர் மூன்று முறை ஊதச் சொன்னார். மூன்றாவது முறை இருநூற்றிப்பத்து. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து முன்னும் பின்னும் கேட்டார். "சுத்தமா இருக்கு" என்றார். அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார், டாக்டரையா சுவரையா என்று தெரியவில்லை. எனக்குக் கண்ணீர் கொட்டியது.

வாசலுக்கு வந்ததும் அத்தான் மகளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார். ரொம்ப நாள் கழித்து அவர் சிரித்ததைப் பார்த்தேன். "என்ன வேணும் குட்டி, கேளு. எது கேட்டாலும் அப்பா வாங்கித் தரேன்."

அவள் யோசிக்கவே இல்லை. "தம்பியை உள்ள கொண்டு வந்துருப்பா. எனக்குத்தான் இருமல் போயிடுச்சே."

அத்தானின் சிரிப்பு அப்படியே நின்றது. அவளைப் பார்க்காமல், சாவியைத் திருகி, பொத்தானை அழுத்தினார். 'டிக்' என்றது. மறுபடி அழுத்தினார். 'டிக்'.

"பாத்தியா, அதுக்குக் குளிருது" என்றாள் குட்டி. கழுத்தில் சுற்றியிருந்த போர்வையை அவிழ்த்து, சீட்டுக்குப் பக்கவாட்டில் பேட்டரி இருக்கும் இடத்தில் போர்த்திவிட்டாள். ஓட்டை விழுந்த அதே போர்வை. தூக்கிப் போடச் சொல்லி நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

அத்தான் அந்தப் போர்வையை எடுத்து மறுபடி அவள் கழுத்தில் சுற்றினார். அவளை என்னிடம் கொடுத்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சரிவு இருக்கும் பக்கமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.